வேலை நீக்கமும் வீட்டுக் கம்ப்யூட்டரும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் எதற்காக வாங்கினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் எட்டுப் பேர் "பையன் படிப்புக்கு" என்பார்கள். நானும் 2024 ஜனவரியில் அப்படிச் சொல்லித்தான் வாங்கினேன். ஐந்தாவது வாரத்தில் எனக்கு வேலை போய்விட்டது. அடுத்த ஐந்து மாதங்கள் அந்தக் கம்ப்யூட்டர் முன் பையனை விட நான்தான் அதிக நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கோவையில் பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் 11 ஆண்டுகள் ஸ்டோர்ஸ் பார்த்தேன். நிர்வாகம் கை மாறியது; புதிய சாப்ட்வேர் வந்தது. பழைய புரோகிராமில் போல்ட், வாஷர் போன்றவை கிலோ கணக்கில் இருந்தன. புதியதில் எண்ணிக்கைக் கணக்கு. டேட்டாவை மாற்றியவர்கள் இந்த அலகு மாற்றத்தைக் கவனிக்கவில்லை. ஆண்டு இருப்புச் சரிபார்ப்பில் கம்ப்யூட்டர் சொன்னதற்கும் ரேக்கில் இருந்ததற்கும் பெரிய வித்தியாசம். ஸ்டோர்ஸில் இருந்த மூன்று பேரையும் அழைத்து, ராஜினாமா எழுதிக் கொடுத்தால் நல்லபடியாக ரிலீவிங் லெட்டர் தருகிறோம் என்றார்கள். நாங்கள் கையெழுத்துப் போடவில்லை. மறுநாள் பணிநீக்கக் கடிதம் வந்தது.

வேலை தேடுவது எப்படி என்று இணையத்தில் ஆயிரம் கட்டுரைகள் உள்ளன. அவை எல்லாம் நீங்களாக வேலையை விட்டதாக அல்லது படித்து முடித்து வருவதாக நினைத்து எழுதப்பட்டவை. நீக்கப்பட்டவனுக்கு வேறு கேள்விகள் உண்டு. அந்தப் பழைய ஆண்டுகளை எப்படி நிரூபிப்பது? ரிலீவிங் லெட்டர் இல்லாமல் யார் சேர்ப்பார்கள்? "ஏன் விலகினீர்கள்" என்ற கட்டத்தில் என்ன டைப் செய்வது? இவற்றுக்கு வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரைக் கொண்டு நான் கண்ட வழிகளை இங்கு எழுதுகிறேன்.

முதலில் ஆவணங்கள்

எல்லோரும் பயோடேட்டாவில் இருந்துதான் தொடங்குவார்கள். அதற்கு முன் வேறு வேலை இருக்கிறது. நீக்கக் கடிதம் என் கைக்கு வந்து நான் கேட்டைத் தாண்டுவதற்குள் என் ஆபீஸ் இமெயிலைப் பூட்டிவிட்டார்கள். 11 ஆண்டு சம்பளச் சீட்டுகள் அந்த மெயிலில்தான் இருந்தன. இப்போது வேலையில் இருப்பவர்கள் இதைப் படித்தவுடன் ஒரு காரியம் செய்யுங்கள். சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம், சம்பள உயர்வுக் கடிதம் மூன்றும் உங்கள் சொந்தப் பொருட்கள். அவற்றை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு போல்டர் திறந்து போட்டு வையுங்கள். கம்பெனியின் மற்ற பைல்களை எடுத்து வரக் கூடாது. அது பின்னால் உங்களுக்கு எதிராகவே திரும்பும்.

சம்பளச் சீட்டு கிடைக்காதவர்களுக்கு மூன்று இடங்களில் சான்று இருக்கிறது. முதலாவது வருங்கால வைப்பு நிதி. இபிஎப்ஓ தளத்தில் உங்கள் யுஏஎன் எண், பாஸ்வேர்ட் கொடுத்து மெம்பர் பாஸ்புக் பிரிவுக்குச் சென்றால் மாதவாரியாகப் பிடித்தம் தெரியும். எந்தக் கம்பெனியில் எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை இருந்தீர்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. அங்கே காட்டும் ஊதியம் உங்கள் முழுச் சம்பளமாக இருக்க வேண்டும் என்பதில்லை. எனக்கு 15,000 ரூபாய்க்கு மட்டும் கணக்கிட்டுப் பிடித்திருந்தார்கள். நான் வாங்கியது 28,000.

அதனால் இரண்டாவது சான்று தேவைப்பட்டது: வங்கி ஸ்டேட்மென்ட். நெட் பேங்கிங்கில் கடந்த ஆண்டுக்கான ஸ்டேட்மென்ட்டை பிடிஎப் பைலாக இறக்கிக் கொள்ளலாம். ஒவ்வொரு மாதமும் கம்பெனி பெயரில் பணம் ஏறியது அதில் இருக்கும். பெரும்பாலான வங்கிகள் இந்த பைலுக்கு பாஸ்வேர்ட் போட்டு அனுப்புகின்றன. அப்படியே புதிய கம்பெனிக்கு அனுப்பினால் அவர்களால் திறக்க முடியாது. பாஸ்வேர்டைச் சேர்த்து அனுப்புவதும் நல்லதல்ல. பைலைக் குரோம் பிரவுசரில் திறந்து, பாஸ்வேர்ட் கொடுத்து, கண்ட்ரோல் + பி அழுத்துங்கள். பிரிண்டர் பெயர் இருக்கும் இடத்தில் சேவ் ஏஸ் பிடிஎப் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பக்கங்கள் என்ற இடத்தில் தேவையான பக்கங்களின் எண்ணை மட்டும் கொடுக்கலாம். பாஸ்வேர்ட் இல்லாத புதிய பைல் தயார். மளிகைக் கடைக்கும் பால்காரருக்கும் நீங்கள் ஜிபே செய்த பக்கங்களை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை.

மூன்றாவது, சம்பளத்தில் வருமான வரி பிடித்திருந்தால் வருமான வரித் துறையின் தளத்தில் உங்கள் பான் எண்ணின் கீழ் பிடித்தவர் பெயரோடு அது பதிவாகி இருக்கும். எனக்கு வரி பிடிக்கும் அளவுக்குச் சம்பளம் இல்லை. எனவே அந்தப் பக்கம் நான் போகவில்லை.

மதிப்பெண் பட்டியல்களை ஸ்கேன் செய்ய ஸ்கேனர் வாங்க வேண்டாம். ஆண்ட்ராய்டு போனில் உள்ள கூகுள் டிரைவ் ஆப்பில் ஸ்கேன் வசதி உள்ளது. காகிதத்தின் ஓரங்களைத் தானே கண்டுபிடித்து, நிழலை நீக்கி, பிடிஎப் ஆக்கிவிடும். பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஓரமாக வைத்து எடுங்கள்.

விலகிய தேதி என்னும் வில்லன்

இதைப் பலர் கவனிப்பதே இல்லை. இபிஎப்ஓ மெம்பர் தளத்தில் வியூ மெனுவில் சர்வீஸ் ஹிஸ்டரி என்று ஒரு பக்கம் இருக்கிறது. அதில் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் இருக்கும். கம்பெனிதான் விலகிய தேதியை ஏற்ற வேண்டும். கோபத்திலோ சோம்பலிலோ பல கம்பெனிகள் ஏற்றுவதில்லை. எனக்கும் காலியாகவே இருந்தது. அதாவது அரசுப் பதிவேட்டின்படி நான் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறேன்! புதிய கம்பெனியில் சேரும்போது இது சிக்கலைக் கொண்டு வரும். பழைய பணத்தை மாற்றும்போதும் தடையாக நிற்கும்.

2020 ஜனவரி முதல் இதை நாமே பதியும் வசதி உள்ளது. கடைசிச் சந்தா வந்து இரண்டு மாதம் ஆகியிருக்க வேண்டும். ஆதாருடன் இணைந்த மொபைல் எண் கையில் இருக்க வேண்டும். மேனேஜ் மெனுவில் மார்க் எக்ஸிட் என்பதைக் கிளிக் செய்து, கம்பெனியைத் தேர்ந்தெடுத்து, தேதியும் காரணமும் கொடுத்து, மொபைலுக்கு வரும் ஓடிபி எண்ணை டைப் செய்ய வேண்டும். கடைசிச் சந்தா எந்த மாதத்திற்கு உரியதோ, அந்த மாதத்தில் உள்ள தேதியைத்தான் அது ஏற்கும். பதிந்த பிறகு திருத்துவது சுலபமல்ல. நீக்கக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக் கொண்டு நிதானமாகச் செய்யுங்கள்.

பிஎப் பணத்தை எடுத்துவிடலாமா என்று வீட்டில் கேட்டார்கள். நான் எடுக்கவில்லை. எடுக்கும் விதிகள் அடிக்கடி மாறுகின்றன. எடுக்க நினைப்பவர்கள் நண்பர் சொன்னார் என்று செய்யாமல் இபிஎப்ஓ தளத்தில் அன்றைக்கு இருக்கும் விதியைப் படித்துவிட்டுச் செய்யுங்கள்.

சம்பளப் பாக்கி பற்றி ஒரு வரி. எனக்கு அது வந்து சேர 40 நாள் ஆயிற்று. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, நீக்கினாலும் தானாக விலகினாலும் இரண்டு வேலை நாட்களுக்குள் பாக்கிச் சம்பளத்தைத் தந்தாக வேண்டும். நீக்கத்தை எதிர்த்து நாங்கள் மூவரும் தொழிலாளர் துறையில் மனுக் கொடுத்தோம். அது அதன் வேகத்தில் நடக்கிறது. அது கம்ப்யூட்டர் இதழுக்கான விஷயம் இல்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.

பயோடேட்டா

டிடிபி சென்டரில் கொடுத்தால் பூப்போட்ட பார்டர், பாஸ்போர்ட் போட்டோ, தகப்பனார் பெயர், மதம், உயரம் என்று எல்லாம் சேர்த்துத் தருவார்கள். கல்யாணத்துக்குப் பெண் கேட்கப் போகிறோமா என்ன? வேர்டு இருந்தால் வேர்டில், இல்லாவிட்டால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் நாமே டைப் செய்துவிடலாம். இரண்டு பக்கம் போதும். பெயர், போன், இமெயில், பிறகு என்னென்ன வேலை தெரியும் என்று ஐந்தாறு வரிகள், பிறகு வேலை பார்த்த இடங்கள், மாதம் ஆண்டுடன், கடைசியில் படிப்பு. ஆதார் எண், பான் எண், பிறந்த தேதி, வீட்டு எண் வரையான முழு முகவரி ஆகியவற்றைப் போடவே வேண்டாம். நூறு பேர் கைக்குப் போகும் பைல் அது.

டேபிள், இரண்டு காலம், டெக்ஸ்ட் பாக்ஸ் ஆகியவற்றைத் தவிருங்கள். வேலைவாய்ப்புத் தளங்களில் நீங்கள் பைலை ஏற்றியதும் ஒரு புரோகிராம் அதைப் படித்துப் பெயர், அனுபவம், படிப்பு என்று பிரித்துக் கொள்ளும். டேபிள் இருந்தால் அது குழம்பிவிடுகிறது. சாதாரணத் தலைப்புகள், அதன் கீழ் வரிகள் என்றால் சரியாகப் படிக்கும். முடித்ததும் பிடிஎப் ஆகவும் ஒரு காப்பி சேவ் செய்யுங்கள். பைலுக்கு ரெஸ்யூம் என்று பெயர் வைத்தால், வாங்குபவர் கம்ப்யூட்டரில் அதே பெயரில் ஐம்பது இருக்கும். உங்கள் பெயர், வேலை, ஊர் மூன்றும் பைல் பெயரில் வரட்டும்.

தமிழில் கடிதம் எழுதுபவர்கள் யூனிகோடில் எழுதுங்கள். பழைய டிடிபி எழுத்துருவில் டைப் செய்து மெயிலில் ஒட்டினால், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடப்பது போலத் தெரியும்.

"ஏன் விலகினீர்கள்?"

இனி முக்கியமான இடம். பயோடேட்டாவில் காரணம் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. தேதிகளை உண்மையாகக் கொடுத்தால் போதும். ஆனால் பல கம்பெனிகள் தங்கள் விண்ணப்பப் படிவத்தில் தனியாகக் கேட்கும். பழைய வேலையில் இருந்து எப்போதாவது நீக்கப்பட்டுள்ளீர்களா என்று ஆம் அல்லது இல்லை கட்டமும் சில இடங்களில் உண்டு.

"சொந்தக் காரணம் என்று போட்டுவிடு, யார் பார்க்கப் போகிறார்கள்" என்று எனக்கு அறிவுரை சொன்னவர்கள் பலர். பார்க்கிறார்கள். நடுத்தர, பெரிய கம்பெனிகள் இதற்கென்று உள்ள சரிபார்ப்பு நிறுவனங்களிடம் வேலையை விட்டுவிடுகின்றன. அவர்கள் பழைய கம்பெனிக்கு மெயில் அனுப்பி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, விலகிய காரணம், மறுபடி சேர்ப்பீர்களா என்று கேட்கிறார்கள். படிவத்தில் நீங்கள் எழுதியதற்கும் அந்தப் பதிலுக்கும் பொருத்தம் இல்லை என்றால், சேர்ந்த பிறகும் நீக்கலாம் என்று புதிய நியமனக் கடிதத்திலேயே ஒரு வரி இருக்கும். முதல் நீக்கத்திற்கு நீங்கள் காரணம் இல்லை என்று வாதாடலாம். இரண்டாவதற்கு வாதாட வழியே இல்லை.

எனவே உண்மையை எழுதுவது, ஆனால் மூன்று வரிக்குள் எழுதுவது என்று முடிவு செய்தேன். எனக்கு ஒரு நாள் முழுக்க வேலை வாங்கியது இந்த மூன்று வரிதான். முதலில் எழுதியது ஒன்றரைப் பக்கம் வந்தது. பழைய மேனேஜர் எப்படிப்பட்டவர் என்பதெல்லாம் அதில் இருந்தது. அதை ஒரு பைலில் சேவ் செய்து தனியே வைத்தேன், யாருக்கும் அனுப்பவில்லை. கடைசியில் நின்றது இவ்வளவுதான்: "2024 பிப்ரவரியில் நிர்வாகம் என்னைப் பணிநீக்கம் செய்தது. சாப்ட்வேர் மாற்றத்தின்போது இருப்புக் கணக்கில் வந்த வித்தியாசம் காரணமாகச் சொல்லப்பட்டது. நான் அதை ஏற்கவில்லை. நேரில் விவரம் தரத் தயார்."

திட்டு இல்லை, அழுகை இல்லை, பொய் இல்லை. இதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் நோட்பேடில் ஒரு டெக்ஸ்ட் பைலாக வைத்துக் கொண்டேன். எந்தப் படிவம் வந்தாலும் அங்கிருந்து காப்பி, பேஸ்ட். இதில் ஒரு லாபம் உண்டு. ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதினால் ஒரு நாள் கோபமாகவும் ஒரு நாள் பயந்தும் எழுதுவோம். இரண்டு கம்பெனிகளுக்கு இரண்டு கதை போய்விடும்.

விண்டோஸ் 10, 11 வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு வசதி. விண்டோஸ் கீயுடன் வி அழுத்துங்கள். முதல் முறை இதை இயக்கவா என்று கேட்கும். சரி என்று சொல்லுங்கள். அதன் பிறகு நீங்கள் காப்பி செய்த பல துண்டுகளும் ஒரு பட்டியலாக அங்கே நிற்கும். அடிக்கடி தேவைப்படுவதைப் பின் செய்து வைத்தால், கம்ப்யூட்டரை நிறுத்தி மறுபடி போட்டாலும் அழியாது. போன் எண், மெயில் முகவரி, இந்த மூன்று வரி ஆகியவற்றை நான் பின் செய்து வைத்திருந்தேன். பாஸ்வேர்டை மட்டும் அதில் வைக்காதீர்கள்.

எங்கே தேடுவது

நவ்கரி 1997 முதலும் லிங்க்ட்இன் 2003 முதலும் இருக்கின்றன. இரண்டிலும் பதிந்தேன். நவ்கரியில் குறிப்பிட்ட கம்பெனி நம் விவரத்தைப் பார்க்காதபடி தடுக்கும் வசதி உண்டு. பழைய கம்பெனியை அதில் சேர்த்துவிட்டேன். நோட்டீஸ் காலம் என்ற இடத்தில் 15 நாட்கள் அல்லது அதற்கும் குறைவு என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். வேலையில் இருப்பவர் இரண்டு மூன்று மாதம் கேட்பார். நாம் நாளைக்கே வருவோம். நீக்கப்பட்டவனிடம் உள்ள ஒரே வசதி அது. அதை ஏன் மறைக்க வேண்டும்? ஆட்களைத் தேடுபவர்கள் அண்மையில் தளத்துக்கு வந்தவர்களை மட்டும் வடிகட்டிப் பார்க்க முடியும் என்பதால், இரண்டு நாளுக்கு ஒரு முறை உள்ளே போய் வருவது நல்லது. லிங்க்ட்இன்னில் வேலை தேடுகிறேன் என்று போட்டோவைச் சுற்றிப் பச்சை வளையம் போடலாம். வேண்டாம் என்றால் ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் தெரியும்படியும் வைக்கலாம்.

மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளம் 2015-இல் வந்தது. தமிழக அரசு தனியார் துறை வேலைகளுக்காக 2020-இல் ஒரு தளம் தொடங்கியது. இரண்டிலும் பதிவு இலவசம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

உண்மையைச் சொன்னால், எனக்கு இவற்றில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. ஸ்டோர்ஸ், டெஸ்பாட்ச் போன்ற வேலைகளுக்குக் கோவையின் சின்னக் கம்பெனிகள் விளம்பரமே கொடுப்பதில்லை. தெரிந்தவர் மூலமாகத்தான் எடுப்பார்கள். தெரிந்தவர் இல்லாதவன் என்ன செய்வது? நான் கூகுள் மேப்ஸைத் திறந்தேன். கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ, மலுமிச்சம்பட்டி, அரசூர் என்று ஒவ்வொரு பகுதியாகப் பெரிதாக்கிக் கொண்டு, தேடல் கட்டத்தில் பம்ப் தயாரிப்பாளர்கள், மோட்டார், பவுண்டரி, வால்வு என்று மாற்றி மாற்றி ஆங்கிலத்தில் டைப் செய்தேன். இடது பக்கம் பட்டியல் வரும். ஒவ்வொரு பெயரையும் கிளிக் செய்தால் போன் எண், வெப்சைட், திறக்கும் நேரம், வாசல் போட்டோ எல்லாம் கிடைக்கும். போட்டோவைப் பார்த்தே இது ஐந்து பேர் பட்டறையா, ஐம்பது பேர் கம்பெனியா என்று சொல்லிவிடலாம். என் வீட்டில் இருந்து எவ்வளவு தூரம், பஸ் உண்டா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். நான்கு நாளில் 94 கம்பெனிகள் சேர்ந்தன.

இவற்றை எக்ஸெலில் ஏற்றினேன். கம்பெனி பெயர், பகுதி, போன், அனுப்பிய தேதி, யாரிடம் பேசினேன், என்ன சொன்னார்கள், மறுபடி பேச வேண்டிய தேதி என்று ஏழு காலம். கண்ட்ரோல் கீயுடன் செமிகோலன் அழுத்தினால் அன்றைய தேதி தானாக வந்து விழும். முதல் வரிசையில் கர்சரை வைத்து, டேட்டா மெனுவில் பில்டர் கிளிக் செய்தால் ஒவ்வொரு தலைப்பிலும் சிறிய அம்புக்குறி வரும். காலையில் எழுந்ததும் கடைசிக் காலத்தில் இன்றைய தேதியை மட்டும் வடிகட்டினால் இன்று யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று தெரியும். வேலை இல்லாதவனுக்குக் காலை ஒன்பது மணி என்பது மிக மோசமான நேரம். தெருவில் எல்லோரும் டிபன் பாக்ஸுடன் போவார்கள். அந்த நேரத்தில் உட்கார்ந்து செய்ய ஒரு பட்டியல் இருந்தது எனக்குப் பெரிய உதவி.

மெயில்களை ஒவ்வொன்றாகத்தான் அனுப்பினேன். 94 முகவரிகளையும் ஒரே மெயிலில் போட்டால் குப்பைக்குப் போகும். ஜிமெயிலில் செண்ட் பட்டனுக்குப் பக்கத்தில் உள்ள அம்புக்குறியைக் கிளிக் செய்தால் ஷெட்யூல் செண்ட் வரும். இரவு எழுதி, மறுநாள் காலை ஒன்பதரைக்குப் போகும்படி வைத்துவிடலாம்.

வலை விரிப்பவர்கள்

பயோடேட்டாவை இணையத்தில் ஏற்றிய மூன்றாம் நாளில் இருந்து போன் வரத் தொடங்கியது. அவற்றில் பாதி மோசடி. பெரிய கம்பெனி பெயரைச் சொல்லி, பதிவுக் கட்டணம் 1,500 ரூபாய் என்றார் ஒருவர். லேப்டாப் அனுப்புகிறோம், டெபாசிட் கட்டுங்கள் என்றார் இன்னொருவர். டெலிகிராமில் வீடியோவுக்கு லைக் போட்டால் பணம் என்று ஒரு பெண். முதலில் நூறு இருநூறு உண்மையாகவே தருவார்கள். பிறகு நம்மையே பெரிய தொகை கட்டச் சொல்வார்கள்.

இவற்றில் மோசமானது வீட்டில் இருந்தே டேட்டா என்ட்ரி என்பது. கம்ப்யூட்டர் புதிதாக வாங்கியவர்கள் அதிகம் சிக்குவது இதில்தான். ஒப்பந்தத்தில் ஆன்லைனில் கையெழுத்து வாங்கிக் கொள்வார்கள். நாள் முழுக்க படிவங்களை டைப் செய்து முடித்ததும் தவறு அதிகம், சம்பளம் கிடையாது என்பார்கள். அதோடு விடாமல் ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், அபராதம் கட்டாவிட்டால் கோர்ட் நோட்டீஸ் என்று வக்கீல் பெயரில் வாட்ஸ்அப் அனுப்புவார்கள். பயந்து கட்டுபவர்கள் இருக்கிறார்கள். கட்ட வேண்டாம். வேலை தருபவர் நம்மிடம் பணம் கேட்டால் அது வேலை அல்ல. பணம் போய்விட்டால் தாமதம் செய்யாமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். தேசிய சைபர் குற்றத் தளத்திலும் புகாரைப் பதியலாம்.

நேர்முகம்

94-இல் பதில் வந்தது 13. நேரில் அழைத்தது நான்கு. முதல் இடத்தில் "நீங்களா வந்தீங்களா, அனுப்பிட்டாங்களா?" என்று கேட்டார்கள். அனுப்பிவிட்டார்கள் என்றதும் பைலை மூடிவிட்டார். இரண்டாவது இடத்தில் அரை மணி நேரம் பழைய கம்பெனிக் கதையை மட்டும் ஆர்வமாகக் கேட்டு, டீ கொடுத்து அனுப்பினார்கள். மூன்றாவது இடத்துக்குப் போகும் முன் ஒன்றை மாற்றினேன். நான் நேர்மையானவன் என்று வாயால் சொல்வதை விட, வேலை தெரியும் என்பதைக் காட்டிவிடலாம் என்று தோன்றியது.

பேரிங், சீல், இம்பெல்லர், போல்ட் என்று 200 பொருட்களுக்குக் கற்பனையான ஒரு இருப்புக் கணக்கை எக்ஸெலில் தயாரித்தேன். பழைய கம்பெனியின் எண் ஒன்று கூட அதில் இல்லை. ஒவ்வொரு பொருளுக்கும் வாங்கும் அலகு, எண்ணும் அலகு, இரண்டுக்கும் உள்ள விகிதம் என்று மூன்று காலம் வைத்தேன். குறைந்தபட்ச இருப்புக்குக் கீழே போனால் செல் சிவப்பாக மாறும்படி கண்டிஷனல் பார்மேட்டிங் கொடுத்தேன். டேலியும் பழகிக் கொண்டேன். டேலி பிரைம் புரோகிராமை இறக்கி, லைசென்ஸ் கேட்கும் இடத்தில் எஜுகேஷனல் மோடு என்பதைத் தேர்ந்தெடுத்தால் காசு இல்லாமல் பயன்படுத்தலாம். மாதத்தின் முதல் நாள், இரண்டாம் நாள், கடைசி நாள் ஆகிய தேதிகளில் மட்டும்தான் பதிய முடியும். பழகுவதற்கு அது தாராளம். ஜிஎஸ்டி 2017-இல் வந்த பிறகு ஸ்டோர்ஸ் ஆளுக்கும் பில், எச்எஸ்என் எண் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

நான்காவது இடம் குறிச்சியில். முதலாளி அம்மா, அறுபது வயது இருக்கும். அதே கேள்வியைக் கேட்டார். மூன்று வரியைச் சொன்னேன். "கணக்கு எப்படிங்க உதைச்சுது?" என்றார். பென் டிரைவில் இருந்த பைலைத் திறந்து, கிலோவில் வாங்கிய போல்ட்டை எண்ணிக்கையில் ஏற்றும்போது விகிதம் இல்லை என்றால் என்ன ஆகும் என்று அந்தக் கற்பனைக் கணக்கில் காட்டினேன். 12 கிலோ என்பது 12 போல்ட் ஆகிவிடும். அவர் கண்ணாடியைப் போட்டுக் கொண்டு இரண்டு முறை பார்த்தார். பிறகு தன் மகனைக் கூப்பிட்டு, "கண்ணு, நம்மளதுல இந்தக் காலம் இருக்குதா பாரு" என்றார். இல்லை.

சம்பளம் 23,500, பழையதை விட 4,500 குறைவு. 2024 ஜூலையில் சேர்ந்தேன். ரிலீவிங் லெட்டருக்குப் பதிலாக பிஎப் பாஸ்புக்கையும் வங்கி ஸ்டேட்மென்ட்டையும் நீக்கக் கடிதத்தின் காப்பியையும் கொடுத்தேன். ஏற்றுக் கொண்டார்கள்.

சேர்ந்த பின் செய்ய வேண்டியவை இரண்டு. புதிய இடத்தில் பிஎப் படிவம் கொடுக்கும்போது பழைய யுஏஎன் எண்ணையே எழுதுங்கள். புதிதாக இன்னொன்று வாங்கிவிட்டால் பிறகு இரண்டையும் இணைக்க அலைய வேண்டும். அடுத்து, வேலைவாய்ப்புத் தளங்களில் உங்கள் விவரத்தை மறைத்து வையுங்கள் அல்லது நீக்குங்கள். இல்லாவிட்டால் மோசடிக்காரர்களின் போன் மட்டும் நிற்காது.

எக்ஸெல் பைலை நான் அழிக்கவில்லை. போன மாதம் அதில் 61-ஆவது வரிசையில் உள்ள கம்பெனியில் இருந்து, என்றோ அனுப்பிய மெயிலைப் பார்த்துவிட்டு, ஸ்டோர்ஸுக்கு வர முடியுமா என்று கேட்டார்கள். என்னுடன் நீக்கப்பட்ட இருவரில் ஒருவர் இன்னும் தற்காலிக வேலையில்தான் இருக்கிறார். அவர் எண்ணைக் கொடுத்து, மூன்று வரியை அவருக்கு மெயில் செய்தேன்.